மலைப் பாதைக்குப் போக்ஸ் வீல்: எதை வாங்குவது?

கேள்வி: அண்ணா, நான் ஒடுகத்தூரில் குடியிருக்கிறேன். பீஞ்சமந்தைப் பக்கம் ஒரு மலைக்கிராமப் பள்ளியில் ஆசிரியர் வேலை. 2022-ல் வாங்கிய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, டார்க் வகை, அலாய் வீல், இரண்டு பக்கமும் டிஸ்க். போன மழையில் ஒரு பள்ளத்தில் இறங்கி, பின் அலாயின் விளிம்பு மடங்கிவிட்டது. இரண்டு நாளைக்கு ஒரு முறை காற்று இறங்குகிறது. சூடுபண்ணித் தட்டினால் சரியாகிவிடும் என்கிறார் ஒருவர். நண்பர்கள் போக்ஸ் வீலுக்கு, அதாவது கம்பி வைத்த சக்கரத்துக்கு, மாறச் சொல்கிறார்கள். குடியாத்தத்தில் பழைய போக்ஸ் வீல் செட் ஒன்று விலைக்கு வருகிறது. புது அலுமினிய ரிம்மும் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கம்பியும் போட்ட செட் கிடைக்கிறது. ஆன்லைனில் ‘டியூப்லெஸ் போக்ஸ்’ என்றும் விற்கிறார்கள். முன்னால் 21 இன்ச் போட்டால் மலைக்கு நல்லது என்றும் சொல்கிறார்கள். கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. எதை வாங்கட்டும்?

பதில்: தம்பி, முதலில் அந்தப் பின் சக்கரத்தோடு மலை ஏறுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். மாற்று ஏற்பாடு ஆகும்வரை பஸ்ஸோ, நண்பர் வண்டியோ பார்த்துக்கொள்ளுங்கள். சூடுபண்ணித் தட்டுகிறேன் என்பவரிடம் கொடுக்கவே வேண்டாம். அலாய் வீல் என்பது அச்சில் வார்த்து, பிறகு அளவான சூட்டில் பதப்படுத்தி எடுக்கிற அலுமினியக் கலவை. அதன் பலத்தில் பெரும்பங்கு அந்தப் பதத்தில்தான் இருக்கிறது. கேஸ் தீயில் காட்டினால் அந்த இடத்தில் பதம் போய்விடும். மடங்கிய விளிம்புக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத கீறலும் இருக்கலாம். தட்டி பெயின்ட் அடித்தபின் பார்க்க அழகாக இருக்கும், காற்றும் நிற்கும். அடுத்த பள்ளத்தில் என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

போக்ஸ் வீல் உங்களுக்குத் தேவையா? வேலூருக்கும் ராணிப்பேட்டைக்கும் நெடுஞ்சாலையில் போய்வருகிறவர் இதையே கேட்டிருந்தால், அதே அலாயைப் புதிதாக வாங்கிப் போடுங்கள் என்று சொல்லி ஒரு வரியில் முடித்திருப்பேன். நீங்கள் தினமும் கல்லும் பள்ளமுமான பாதையில் போகிறீர்கள். அதற்குப் போக்ஸ் வீல் நல்லதுதான். அடி வாங்கினால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், வளைந்ததைப் பெரும்பாலும் நிமிர்த்தவும் முடியும், ஒரு கம்பி அறுந்தால் அந்தக் கம்பியை மட்டும் மாற்றலாம். ஆனால் மாறும்போது ஒன்றை இழக்கிறீர்கள். இப்போது உங்களுக்கு இருப்பது டியூப்லெஸ். ஆணி ஏறினாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும். சக்கரத்தைக் கழற்றாமல் பாதையோரத்திலேயே ரப்பர் திரியைச் செருகி, காற்றடித்துக்கொண்டு போய்விடலாம். டியூப் உள்ள சக்கரத்தில் காற்று சட்டென்று இறங்கிவிடும். செயினைத் தளர்த்தி, ஆக்ஸிலை உருவி, டயரை நெம்பி, டியூபை வெளியே எடுக்க வேண்டும். கருவேல முள் கொட்டிக் கிடக்கிற மலைப் பாதையில், சாயங்காலம் ஐந்து மணிக்கு, தனியாக. இதற்குச் சம்மதம் என்றால் மட்டும் மேலே படியுங்கள். நெம்புகோல் இரண்டு, மாற்று டியூப், கைப்பம்பு, ஆக்ஸில் ஸ்பேனர் ஆகியவை எப்போதும் வண்டியில் இருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் டியூபை மாற்றிப் பழகிவிடுங்கள். முதல் முறை மலையில் செய்துபார்க்கக் கூடாது.

என் தீர்ப்பை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். குடியாத்தத்துப் பழைய செட் உங்கள் வண்டிக்கு உரியதாக இருந்தால், அதையே வாங்குங்கள். அதன் நடுவில் இருக்கிற ஹப்புக்காக மட்டும். ரிம், கம்பி, கம்பியை ரிம்மில் பிடிக்கிற நிப்பிள் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். மீதிப் பணத்தை நல்ல ரிம்முக்கும் கட்டுகிறவரின் கூலிக்கும் வையுங்கள்.

சக்கரம் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் ரிம்மைப் பார்க்கிறார்கள். பளபளப்பு, கறுப்பு, தங்க நிறம் என்று கண் அங்கேதான் போகிறது. வண்டியோடு சேர்கிற இடமோ ஹப். ஆக்ஸிலின் தடிமன், பேரிங் அளவு, இரண்டு பக்கத்து ஸ்பேசர், டிஸ்க் உட்காரும் முகம், அதன் போல்ட் துளைகள், பின்னால் ஸ்ப்ராக்கெட் பிடிக்கும் தட்டு, அதற்குள் கப்ளிங் ரப்பர், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற அமைப்பு) ரிங் என்று எல்லாமே ஹப்பைச் சார்ந்தவை. இதில் ஏதாவது இரண்டு மில்லிமீட்டர் பிசகினால்கூட டிஸ்க் காலிப்பரில் உரசும், இல்லையென்றால் செயின் கோணலாக ஓடும். வாஷர் போட்டுச் சரிக்கட்டலாம் என்று யாராவது சொன்னால், செட்டை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

உங்கள் அதிர்ஷ்டம், உங்கள் கிளாசிக்கை அந்தக் கம்பெனியே போக்ஸ் வீலோடும் விற்கிறது. அதனால் கம்பெனி ஹப்பே கிடைக்கும், லேத் பட்டறைக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் ‘கிளாசிக் வீல்’ என்ற பெயரில் மூன்று விதமான சக்கரங்கள் சந்தையில் சுற்றுகின்றன. உங்களுடையது 2021 செப்டம்பரில் வந்த புது மாடல். முன் டயர் 100/90-19, பின் டயர் 120/80-18. அதற்கு முந்தைய கிளாசிக்கில் முன்னால் 90/90-19, பின்னால் 110/90-18. விற்கிறவரிடம் டயர் இருந்தால் அதன் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படித்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். புது மாடலிலும் ரெட்டிச் வகையில் பின்னால் டிரம் பிரேக். அந்தப் பின் ஹப் உங்களுக்கு உதவாது. டிஸ்க் பூட்டுகிற முகம் இருக்கிறதா என்று நீங்களே கையால் தடவிப் பாருங்கள்.

பார்த்தது போதாமல், அலாயிலிருந்து டிஸ்க்கைக் கழற்றிக் கொண்டுபோய் அந்த ஹப்பில் வைத்துப் பாருங்கள். போல்ட் துளைகள் எல்லாம் நேராக வருகின்றனவா, டிஸ்க் ஆடாமல் உட்காருகிறதா? ஏபிஎஸ் ரிங்கின் பற்களை, சுண்ணக்கட்டியால் ஒரு பல்லில் குறி வைத்துக்கொண்டு, எண்ணுங்கள். உங்கள் அலாயில் இருப்பதும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். பற்களை எண்ணித்தான் சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதை ஏபிஎஸ் கணக்கிடுகிறது. எண்ணிக்கை மாறினால் விளக்கு எரியும், அல்லது பிரேக்கை விட வேண்டாத நேரத்தில் விட்டுவிடும். மலை இறக்கத்தில் அது உயிர்ப் பிரச்சினை.

இதே காரணத்தால்தான் முன்னால் 21 இன்ச் யோசனை வேண்டாம் என்கிறேன். 90/90-21 டயரின் விட்டம் ஏறக்குறைய 695 மில்லிமீட்டர், உங்கள் 100/90-19 சுமார் 663. சுற்றளவில் ஐந்து சதவீத வித்தியாசம். முன், பின் வேகங்களை ஒப்பிட்டுத்தான் ஏபிஎஸ் முடிவெடுக்கிறது. வண்டியின் முகமும் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் உயரும், ஹாண்டில் திரும்புகிற குணம் மாறும், மட்கார்டு இடிக்கும். 21 இன்ச் சக்கரத்துக்கென்றே ஃபோர்க்கும் ஃபிரேமும் வடிவமைத்த வண்டிகள் வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் இருக்கிறது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிற பிரிவு அது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. அளவை மாற்றாதீர்கள். அதே மாடலின் போக்ஸ் சக்கரம்தான் போடுகிறேன் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பி, பதிலைப் பத்திரமாக வையுங்கள்.

ஆன்லைன் ‘டியூப்லெஸ் போக்ஸ்’ பற்றி. டியூப்லெஸ் போக்ஸ் சக்கரம் என்பது கட்டுக்கதை இல்லை. பி.எம்.டபிள்யூ. 1987-ல் ஆர் 100 ஜி.எஸ். வண்டியில் கம்பிகளை ரிம்மின் நடுவில் துளைக்காமல் ஓரத்து விளிம்பில் மாட்டிக் காட்டியது. காற்று நிற்கிற பகுதியில் துளையே இல்லை. நிப்பிள் ஒவ்வொன்றுக்கும் ரப்பர் வளையம் போட்டு அடைக்கிற முறையும் இருக்கிறது. இத்தாலியில் ஆல்பினா அப்படிச் செய்கிறது. ஹிமாலயன் 450-க்கும் கம்பெனியே டியூப்லெஸ் போக்ஸ் தருகிறது. ஆனால் அது முன்னால் 21, பின்னால் 17 இன்ச், உங்கள் வண்டிக்குச் சேராது. உங்களுக்கு வருகிற விளம்பரம் பெரும்பாலும் சாதாரண ரிம்மின் உள்ளே சிலிக்கான் பூசி, டேப் ஒட்டியதாக இருக்கும். அதில் இரண்டு ஆபத்து. நம் வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியும். கத்திரியில் 40 டிகிரிக்கு மேல், அதோடு தார்ச்சாலைச் சூடும் பிரேக் சூடும் சேரும்போது பசை எத்தனை நாள் பிடிக்கும்? அடுத்தது இதைவிட முக்கியம். டியூப்லெஸ் ரிம்மின் உள்பக்கம் இரண்டு ஓரத்திலும் சின்ன மேடு இருக்கும். காற்று இறங்கினாலும் டயரின் விளிம்பு அந்த மேட்டைத் தாண்டி உள்ளே சரியாமல் அது பிடித்துக்கொள்ளும். பழைய டபிள்யூ.எம். (WM) வகை ரிம்மில் அந்த மேடு கிடையாது. காற்று குறைந்த நேரத்தில் திருப்பத்தில் சாய்ந்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். ரிம்மில் பொறித்திருப்பதைப் பாருங்கள். டபிள்யூ.எம். 2 என்றால் 1.85 இன்ச் அகலம், டபிள்யூ.எம். 3 என்றால் 2.15. எம்.டி. (MT) என்று தொடங்கினால் அது டியூப்லெஸ் டயரையும் மனதில் வைத்து வந்த வடிவம். ஆனாலும் நிப்பிள் துளைகள் இருக்கிற வரை டியூப் போட்டே ஓட்டுங்கள். புது ரிம் வாங்கும்போது கம்பெனி போக்ஸ் ரிம்மில் என்ன அளவு பொறித்திருக்கிறதோ அதே அகலத்தையும் அதே துளை எண்ணிக்கையையும் வாங்குங்கள்.

இரும்பா அலுமினியமா என்பதில் நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். குரோம் பூசிய இரும்பு ரிம் கனம், நிப்பிள் துளையோரம் தண்ணீர் தங்கி உள்ளிருந்து துரு ஏறும். ஆனால் நெளிந்தால் தட்டி எடுக்கலாம், விலையும் குறைவு. நல்ல அலுமினிய ரிம் இலேசு, துரு இல்லை. இந்த ‘நல்ல’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஜப்பானின் தகாசாகோ எக்ஸெல் போன்ற ரிம் உங்கள் துளைக் கணக்கில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம், ஆனால் அது உங்கள் பணத்துக்குள் அடங்காது. பெயரில்லாத அலுமினிய ரிம்மைவிடக் கம்பெனியின் இரும்பு ரிம் மேல். உங்கள் நிலையில் நானாக இருந்தால் இரும்பு ரிம்தான் வாங்குவேன்.

கம்பிக்கு வருவோம். ஊரில் மாட்டுவண்டிச் சக்கரம் பார்த்திருப்பீர்கள். குடத்திலிருந்து வட்டைக்குப் போகிற ஆரக்கால் மரத்தூண் மாதிரி. பாரம் அடியில் இருக்கிற ஆரக்காலின் தலைமேல் நிற்கும். மோட்டார்சைக்கிள் கம்பி அப்படி நிற்காது, அமுக்கினால் வளைந்துவிடும். அது கயிற்றுக் கட்டில் மாதிரி. எல்லாக் கம்பியும் முன்கூட்டியே இழுத்துக் கட்டப்பட்டிருப்பதால்தான் சக்கரம் சக்கரமாக நிற்கிறது. சுற்றும்போது அடிக்கு வருகிற கம்பி கொஞ்சம் தளரும், மேலே போகும்போது மறுபடி இறுகும். உங்கள் பின் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 490 சுற்று சுற்றுகிறது. 10,000 கிலோமீட்டரில் 49 லட்சம் முறை ஒவ்வொரு கம்பியும் தளர்ந்து இறுகுகிறது. சரியான இறுக்கத்தில் இருக்கிற கம்பி இதை வருடக்கணக்கில் தாங்கும். தொளதொளவென்று இருக்கிற கம்பி ஹப்பில் மாட்டுகிற வளைவிலோ மரையிலோ களைத்துப்போய் அறும். ஒன்று அறுந்தால் பக்கத்துக் கம்பிகளுக்குச் சுமை கூடும், அதுவும் அறும்.

இதை நான் ஒரு தப்பு செய்துதான் கற்றுக்கொண்டேன். பட்டறை வைத்த புதிதில் ஒரு பழைய புல்லட்டுக்குச் சக்கரம் கட்டினேன், 40 கம்பி. ஹப்பின் உள்பக்கத்திலிருந்து மாட்டுகிற கம்பிக்கும் வெளிப்பக்கத்திலிருந்து மாட்டுகிற கம்பிக்கும் தலை வளைவு வேறு என்பது எனக்குத் தெரியும். ஆனால் கடையில் ஒரே கட்டாகக் கொடுத்ததை நம்பி, பிரித்துப் பார்க்காமல் கோர்த்துவிட்டேன். கோட்டம் எடுத்தபோது, அதாவது கம்பிகளைத் திருகிச் சக்கரத்தின் ஆட்டத்தைச் சரிசெய்தபோது, சக்கரம் நேராகத்தான் ஓடியது. இரண்டு மாதம் கழித்து அந்த மனிதர் ஏலகிரியிலிருந்து இறங்கி வந்தபோது மூன்று கம்பி வளைவிலேயே அறுந்து, ஒன்று டியூபைக் குத்திவிட்டது. 14 கொண்டை ஊசி வளைவுகளில் கடைசி வளைவைத் தாண்டியபிறகு நடந்ததால் தப்பினார். அவர் என்னைத் திட்டவில்லை, சக்கரத்தை மட்டும் கொண்டுவந்து வைத்தார். அன்றிலிருந்து கம்பி கட்டு எது வந்தாலும் மேசையில் கொட்டி, வளைவு பார்த்து, நீளம் அளந்து, நான்கு குவியலாகப் பிரித்த பிறகுதான் கோர்க்கிறேன். உங்களுக்குக் கட்டுகிறவரும் அப்படிச் செய்ய வேண்டும்.

கம்பியின் தடிமனை ஹப்பின் துளைதான் தீர்மானிக்கிறது. 10 கேஜ் 3.25 மில்லிமீட்டர், 9 கேஜ் 3.66, 8 கேஜ் 4.06. தடிமன் கூடினால் பலம் என்று நினைத்து ஹப்பைத் துளைத்துப் பெரிதாக்குகிறவர்கள் இருக்கிறார்கள், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். மெல்லிய கம்பியைப் பெரிய துளையில் போட்டாலும் ஆடி ஆடி அறும். எஸ்.எஸ். கம்பி துருப்பிடிக்காது, நல்லதுதான். ஆனால் நிப்பிளும் எஸ்.எஸ்.ஸாக இருந்தால் மரை பிடித்துக்கொண்டு பிறகு திருப்பவே முடியாமல் போகும். பித்தளையில் நிக்கல் பூசிய நிப்பிள் கேளுங்கள். ஒவ்வொரு மரையிலும் ஒரு துளி எண்ணெய் வைத்துக் கோர்க்கச் சொல்லுங்கள்.

கட்டுகிறவரை எப்படித் தேர்ந்தெடுப்பது? வேலூரிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் சைக்கிள் காலத்திலிருந்து கோட்டம் எடுக்கிற கைகள் இன்னும் இருக்கின்றன. வயதான பல பேருக்கு இப்போது வேலை குறைவு, எல்லாம் அலாய் ஆகிவிட்டது. கேட்டுக் கண்டுபிடியுங்கள். நல்ல கை, பழைய சக்கரத்தைப் பிரிப்பதற்கு முன் அளவெடுக்கும். டிஸ்க் உட்காரும் முகத்தில் ஒரு நேர்ச்சட்டத்தை வைத்து ரிம்மின் ஓரம்வரை எவ்வளவு இருக்கிறது என்று குறித்துக்கொள்ளும். ரிம் எப்போதும் ஹப்பின் நட்டநடுவில் இருப்பதில்லை. அந்த அளவு போனால் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே கோட்டில் ஓடாது. பேரிங் ஆட்டம் இருந்தால் முதலில் அதை மாற்றும். கம்பியை ஒரே மூச்சில் முறுக்காமல் கால் திருகு, கால் திருகாகச் சுற்றி வரும். இடவல ஆட்டத்தையும் மேல்கீழ் ஆட்டத்தையும் தனித்தனியாகப் பார்க்கும். பல கம்பெனிகளின் சர்வீஸ் கையேட்டில் ஆட்டத்தின் எல்லை 2 மில்லிமீட்டர். புதிதாகக் கட்டிய சக்கரத்தில் நான் அரை மில்லிமீட்டருக்குள் கொண்டுவரப் பார்ப்பேன், ஒன்றைத் தாண்டவிட மாட்டேன். கடைசியாக, நிப்பிளுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கிற கம்பி நுனிகளை அரத்தால் ராவி, விரலால் தடவிப் பார்த்து, புது ரிம் டேப் போடும். இந்த ஒரு வேலையை விட்டுவிட்டால் மாதத்துக்கு ஒரு பஞ்சர் நிச்சயம், ஆணியையும் முள்ளையும் தேடிக்கொண்டே இருப்பீர்கள்.

கூலியில் பேரம் பேசாதீர்கள். ஒரு சக்கரத்துக்கு அவருக்குப் பாதி நாள் ஆகும்.

இப்போதிருக்கிற டியூப்லெஸ் டயர்களைத் தேயும்வரை டியூப் போட்டு ஓட்டலாம். ஆனால் உள்ளே ஏதாவது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உரித்துவிடுங்கள், அதன் ஓரம் டியூபைத் தேய்க்கும். அந்த டயரின் விளிம்பு இறுக்கம், பாதையோரத்தில் கழற்றுவது சிரமம். அதனால் அடுத்த டயர் டியூப் வகையாகவே வாங்குங்கள், டயர் மாற்றும்போதெல்லாம் டியூபும் புதிது. மலையில் கல் இருக்கிறதென்று காற்றைக் குறைத்து ஓட்டாதீர்கள். டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் நசுங்கிப் பாம்பு கொத்திய மாதிரி இரண்டு ஓட்டை விழும்.

கட்டி முடித்த பிறகு முதல் 300 கிலோமீட்டருக்குள் ஒரு முறை, அப்புறம் 1,000-ல் ஒரு முறை அவரிடமே சக்கரத்தைக் காட்டுங்கள். புதுக் கம்பி உட்கார்ந்து கொஞ்சம் தளர்வது இயல்பு. அதற்குப் பிறகு நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஆசிரியர் என்பதால் காது பழகியிருக்கும். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே சின்ன ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டுங்கள். இறுகிய கம்பி ‘டிங்’ என்று ஒலிக்கும், தளர்ந்தது ‘டொக்’ என்று மந்தமாக விழும். மாதத்துக்கு ஒரு முறை, மழைக்காலத்தில் வாரத்துக்கு ஒரு முறை. மந்தமாக ஒன்று கேட்டால் நீங்கள் முறுக்க வேண்டாம், அந்தக் கம்பியில் ஒரு நூல் கட்டிக்கொண்டு அவரிடம் போங்கள்.

மடங்கிய பின் அலாயைப் பழைய இரும்புக் கடைக்குப் போடும்போது, விளிம்பில் இரண்டு இடத்தில் அறுத்துவிட்டுக் கொடுங்கள். அப்படியே கொடுத்தால் யாராவது தட்டி, பெயின்ட் அடித்து, இன்னொரு பையனுக்கு விற்றுவிடுவார்கள். முன் அலாய் நன்றாக இருந்தால், கோணி சுற்றி வீட்டில் வையுங்கள். ஊர் மாற்றல் கிடைத்து மலையிலிருந்து இறங்கி வரும்போது ஒரு பின் அலாய் மட்டும் வாங்கினால் போதும்.